கால்மாட்டுச் செங்கற்கள்

போன வாரம் வார்டிலிருந்து இரண்டு நர்ஸ் பிள்ளைகள் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார்கள். கர்ப்பப்பை வாய் பலமில்லாத பெண்களுக்கு இப்போது டாக்டர் ஒரு நூலை ஓட்டி, சுருக்குப்பையின் வாயைக் கட்டுவதுபோல் கட்டிவிடுகிறாராம். மாதம் நிறைந்ததும் நூலை வெட்டிவிட்டால் பிள்ளை ஒழுங்காகப் பிறக்கிறதாம். சொல்லிவிட்டு, "ஒங்க காலத்துல என்னா செஞ்சீங்க திரேசா மிஸி?" என்று கேட்டார்கள். "செங்கல் வச்சோம்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நூலின் மேல் பொறாமையாக இருந்தது. நாங்கள் மாதக்கணக்கில் இடுப்பொடியச் செய்ததை ஒரு முழ நூல் செய்துவிடுகிறது என்றால் யாருக்குத்தான் எரியாது? பொறாமை எனக்குப் புதிய சரக்கும் அல்ல. கண்டி ஆஸ்பத்திரி ஒன்றின் பெண்கள் வார்டில் என் உத்தியோக காலத்தின் நல்ல பகுதியை நான் பொறாமையில்தான் கழித்தேன். அந்தச் செங்கல் கதையையும் பொறாமையை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. பிள்ளைகள் கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன்.

என் அப்பா பல்லேகலப் பக்கத்துக் கொக்கோத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தில் கற்றதென்றால், விரிப்பின் மூலையை மடிப்பது, எதையும் கொதிக்க வைப்பது, யார் திட்டினாலும் "யெஸ் சிஸ்டர்" என்பது. இவ்வளவையும் நன்றாகவே கற்றேன். வார்டில் என்னைவிடச் சுறுசுறுப்பான கை இல்லை என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் யாழ்ப்பாணத்திலிருந்து செல்லம்மா மாற்றலாகி வந்து சேர்ந்தாள்.

என் வயதுதான். நான் வேதக்காரி, மாதா கோயில் பிள்ளை; அவள் சைவக்காரி. விடியுமுன் எழுந்து குளித்து, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டுதான் சீருடையை எடுப்பாள். குவார்ட்டர்ஸில் இருவருக்கும் ஒரே அறை, ஒரே அலுமாரி. வலது பாதி எனக்கு, இடது பாதி அவளுக்கு. என் பாதியில் துணிகள் அடுக்கிய அன்றைக்கு மட்டும் ஒழுங்காக இருக்கும். அவள் பாதி எப்போது திறந்தாலும் கடையில் வைத்ததுபோல் இருக்கும். என்னை "நீர்" என்றுதான் கூப்பிடுவாள். அது மரியாதையா, எட்டி நில் என்பதா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. அவளுடைய கை குளிர்ச்சியான கை என்று நோயாளிகள் சொல்வார்கள். என் கை என்ன, அடுப்பிலா இருந்தது?

வார்டுக்கு ஒரு லேடி டாக்டர் இருந்தார். பறங்கி அம்மா. நோயாளிகளிடமே கற்றுக்கொண்ட தமிழ், துண்டு துண்டாக வரும். உள்பரிசோதனை செய்யும்போது கண்ணை மூடிக்கொள்வார். விரலால் பார்க்கும்போது கண் இடைஞ்சல் என்பார். கை கழுவும்போது அவரிடம் யாரும் பேசக்கூடாது. பேசினாலும் காதில் ஏறாது. தண்ணீர் ஓடும் சத்தத்தில் அவர் அடுத்து செய்யப்போவதை யோசித்துக்கொண்டிருப்பார். பாராட்டு என்றால் ஒரே ஒரு சொல்தான். "குட்." அதையும் தினமும் சொல்லமாட்டார். அந்தச் சொல்லுக்காக நான் எவ்வளவு வேலை செய்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். செல்லம்மா வந்த பிறகு அது அநேகமாக அவள் பக்கம்தான் விழுந்தது.

முப்பதுகளின் நடுவில் கமலம் வந்தாள். பிலிமத்தலாவையில் சாமான் கடை வைத்திருந்தவரின் மனைவி. மெலிந்த, பேசாத பெண். முன்பு மூன்று பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றும் ஐந்தாம் மாதத்தில்தான். வலி இல்லை, இரத்தப்போக்கு இல்லை. நின்றுகொண்டிருக்கும்போதே நீர் உடைந்து எல்லாம் முடிந்துவிடும். இப்போது நாலாவது கர்ப்பம், நாலு மாதம் முடிந்திருந்தது. கூடவே மாமியார் வந்தாள். கழுத்து நிறைய நகையும் வாய் நிறைய வெற்றிலையுமாக, வார்டே தன் கடை என்பதுபோல் நின்றாள்.

"இதுவும் நிக்கல்லன்னா வேற வழியில்ல டாக்டரம்மா. எங்க அண்ணன் மக ஊர்ல இருக்கா. மவனுக்கு அவளக் கட்டி வச்சிட வேண்டியதுதான்" என்று கமலத்தின் தலைக்கு மேலேயே சொன்னாள். கமலம் முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவளுக்கு இந்தப் பிள்ளை நின்றால்தான் வீடு. வார்டில் எல்லாருக்கும் அது அன்றே விளங்கிவிட்டது.

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு பரிசோதித்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தது. பிறகு கண்ணைத் திறந்து, "முன்னே ஆபரேஷன் செய்தது உண்டா?" என்று கேட்டார்.

மாமியார் முந்திக்கொண்டாள். "சின்னதுல கொடல்ல ஏதோ கட்டின்னு செஞ்சாங்களாம். கலியாணத்துக்கு முந்தியே சொல்லிட்டாங்க."

டாக்டர் கமலத்தின் வயிற்றைப் பார்த்தார். ஒரு தழும்பும் இல்லை. மாமியாரிடம், "நீங்க போய் சுடுதண்ணி போத்தல் ஒன்று வாங்கி வாங்க" என்றார். வார்டில் சுடுதண்ணீருக்கு என்ன பஞ்சம்? மாமியார் படியிறங்கிய பிறகு, குனிந்து, மெதுவாக, "யார் வெட்டினது?" என்று கேட்டார்.

கமலம் முதலில் அழுதாள். பிறகு சொன்னாள். பதினாறு வயதில் மாதவிலக்கு வலியில் தரையில் புரள்வாளாம். அப்பா ஒரு தனியார் டாக்டரிடம் கொண்டுபோயிருக்கிறார். அவர் மயக்கம் கொடுத்து, கர்ப்பப்பை வாய் குறுகல் என்று அகலப்படுத்தி வெட்டிவிட்டார். கல்யாணமாகாத பிள்ளையை அந்த இடத்தில் ஓர் ஆண் டாக்டர் தொட்டார் என்று வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை கிடைக்குமா? வீட்டில் குடல் கட்டி என்று பேசி வைத்துக்கொண்டார்கள். "எங்க அத்தைக்குத் தெரிஞ்சா என்னய வீட்டுக்குள்ள விடமாட்டாங்க" என்று டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் அன்று எங்கள் இருவரையும் ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது. "பிள்ளைக்கு வலி என்று வந்தாங்க. கத்தி எடுத்துட்டார். வலி போச்சு. வாயும் போச்சு." பிறகு விளக்கினார். கர்ப்பப்பை வாய் என்பது ஒரு தடித்த வளையம். பத்து மாதமும் இறுகி நின்று பிள்ளையைத் தாங்குவது அதன் வேலை. இளவயதில் ஆழமாக வெட்டினால் வளையம் குட்டையாகிவிடும், மெலிந்துவிடும். பிள்ளையின் பாரம் ஏற ஏற, நேரம் வருமுன் சத்தமில்லாமல் திறந்துகொள்ளும். வெட்டின காயம் தழும்பாக ஆறியிருந்தால் அந்தப் பக்கம் வேறு விதமாக மோசம் செய்யும். பிரசவ நேரத்தில் திறக்கவேண்டியபோது திறக்காது. கமலத்துக்கு ஒரு பக்கம் மெலிவு, மறுபக்கம் தழும்பு. "மருந்து இல்லை. பாரத்தை மேலே அனுப்புங்க" என்றார். மாமியாரிடம் வாய் பலமில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

பாரத்தை மேலே அனுப்புவது எப்படி? கட்டிலின் கால்மாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் அடுக்க வேண்டும். கால் மேலே, தலை கீழே. பிள்ளை நெஞ்சுப் பக்கமாகச் சரிந்திருக்கும், வாயில் பாரம் விழாது. கேட்கச் சுலபமாக இருக்கிறது. அப்படி ஒரு பெண்ணை மாதக்கணக்கில் வைத்திருந்து பாருங்கள். எழுந்து உட்காரக்கூடாது. ஒருக்களித்துப் படுத்தபடியே சாப்பிடவேண்டும். கஞ்சி தொண்டைக்கு எதிராகத் திரும்பும். தலை கனக்கும், முகம் வீங்கும். மலச்சிக்கல் வந்து முக்கிவிட்டால் எல்லாம் போச்சு என்பதால், சாப்பாட்டில் கீரையும் பப்பாளி அல்லாத பழங்களுமாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தோம். மலச்சட்டி வைக்கும்போது இடுப்பை இரண்டு பேர் சேர்ந்து தூக்குவோம். முதுகுத் தோல் புண்ணாகாமல் இருக்க ஸ்பிரிட் தடவி பவுடர் போடவேண்டும். தலைக்குக் குளிக்க வார்ப்பதென்றால் ஒரு திருவிழா.

இந்த வேலைகளில் பாதிக்கு மேல் நான்தான் செய்தேன். ஆனால் கமலம் கண் விழித்ததும் கேட்பது, "செல்லம்மா மிஸி வந்தாச்சா?" என்பது. செல்லம்மா வந்து நெற்றியில் கை வைத்து, "எப்பிடி இருக்கிறீர்?" என்பாள். அந்த ஒரு கேள்விக்குக் கமலத்தின் முகம் மலரும். மலச்சட்டியைத் தூக்கிக்கொண்டு நான் போவேன். கமலத்தின் மேலும் எனக்குப் பொறாமைதான், ஏன் மறைக்க வேண்டும்? அவள் கணவர் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறி வந்து, வராந்தாவில் நின்றபடி அவளைப் பார்ப்பார். ஒன்றும் பேசமாட்டார். அப்படி யாரும் என்னை வராந்தாவில் நின்று பார்த்ததில்லை.

கமலத்துக்கு ஏழாம் மாதம் தொடங்கியது. வார்டு நடுவில் புழுக்கமாக இருக்கிறது, கமலத்தை ஜன்னலோரம் மாற்றலாம் என்று செல்லம்மா சொன்னாள். டாக்டர் "குட்" என்றார். கட்டில் ஜன்னலோரம் போனது. தெற்கே ஜன்னல், வடக்கே சுவர். தலைமாடு சுவர்ப் பக்கம், செங்கல் வைத்த கால்மாடு ஜன்னல் பக்கம். இது மருத்துவ ரீதியில் சரிதான். இதில் வேறொரு விஷயம் இருப்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் பிற்பகல் எனக்கு ஓய்வு. செல்லம்மாவுக்கு டியூட்டி. கமலத்தின் கணவர் மஸ்கற் இனிப்புப் பொட்டலம் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார் என்று ஆயா சொன்னாள். அதில் எனக்குப் பங்கு வைப்பார்களா, இருவரும் கதைபேசித் தின்று தீர்ப்பார்களா என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சும்மா போவதுபோல் வார்டுக்குப் போனேன். செல்லம்மா இல்லை, அவசரமாக ஆபரேஷன் அறைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கமலத்தின் கட்டிலைப் பார்த்தேன்.

கமலத்தின் தலை ஜன்னல் பக்கம் இருந்தது. செங்கல் வைத்த பக்கத்தில்! கால்கள் சுவர்ப் பக்கம், பள்ளத்தில். மேட்டில் தலையும் பள்ளத்தில் காலுமாக, சாய்வு நாற்காலியில் கிடப்பதுபோல் கிடந்தாள். பக்கத்தில் மாமியார் பெருமையோடு விசிறிக்கொண்டிருந்தாள்.

"யார் இப்படிப் போட்டது?" என்று கத்தினேன்.

"நாந்தான். நானும் ஆயாவும் பூ மாதிரி தூக்கித் திருப்பினோம். ஏம்மா, படிச்சவங்கதானே நீங்க? வடக்க தலை வச்சுப் பொணத்தத்தான் கெடத்துவாங்க. வயித்துப் புள்ளக்காரிய இப்பிடியா போடுறது? இதுவும் எப்பிடித் தங்கும்?"

"செங்கல் எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்தீங்களா?"

"செங்கல் கெடக்கட்டும். தலை வடக்க போகக்கூடாது."

கமலம் மெல்ல, "மிஸி, தலை நிமிந்து படுத்தது சொகமா இருந்திச்சு. ஆனா இப்ப அடி இடுப்பு என்னவோ இழுக்குது" என்றாள்.

அந்த "இழுக்குது" என்ற சொல் என்னைப் பிடித்து உலுக்கியது. அவளை மறுபடி தூக்கித் திருப்பலாம் என்றால், ஒரு தடவை தூக்கியதே அதிகம். இன்னொரு தடவை தூக்கினால் என்ன ஆகும் என்று யார் சொல்ல முடியும்? மாமியாரோ கட்டிலுக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றாள். சண்டை போட நேரமில்லை. பிறகுதான் தோன்றியது, கமலத்தைத் திருப்ப வேண்டியதே இல்லை. தலை தெற்கிலேயே இருக்கட்டும். செங்கல்தானே இடம் மாறவேண்டும்?

ஆயாவையும் இரண்டு வார்டு ஆட்களையும் கூப்பிட்டேன். ஜன்னல் பக்கத்தை அவர்கள் மெல்லத் தூக்கிப் பிடிக்க, நான் குனிந்து செங்கற்களை இழுத்தேன். கட்டில் சமமாக இறங்கியது. பிறகு சுவர்ப் பக்கத்தைத் தூக்கச் சொல்லி, அந்தக் கால்களுக்குக் கீழே அதே செங்கற்களை அடுக்கினேன். குலுக்காமல் தூக்கும்படி அவர்களை நான் கெஞ்சியதும் திட்டியதும் ஒரே மூச்சில் நடந்தது. தலை தெற்கே, பள்ளத்தில். கால் வடக்கே, மேட்டில். மாமியார் தலையைச் சாய்த்து ஒரு தரம் அளந்து பார்த்தாள். "இப்ப சரி" என்று விசிறியை எடுத்துக்கொண்டாள். சிறிது நேரத்தில் கமலத்தின் இடுப்பு இழுப்பு நின்றது.

அப்போது செல்லம்மா ஆபரேஷன் அறையிலிருந்து திரும்பினாள், பின்னாலேயே டாக்டர் வார்டைச் சுற்றிப் பார்க்க வந்தார். டாக்டர் கட்டிலைப் பார்த்தார், திசையைப் பார்த்தார், மாமியாரின் முகத்தைப் பார்த்தார். நடந்ததை ஆயா பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலுமாகச் சொன்னாள்; செங்கல் மாற்றியது மிஸி என்றாளே தவிர, எந்த மிஸி என்று சொல்லவில்லை. டியூட்டியில் இருந்தவள் செல்லம்மா, நான் சீருடையில்கூட இல்லை. டாக்டர் செல்லம்மாவிடம், "குட்" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய்க் கை கழுவ ஆரம்பித்தார்.

செல்லம்மா பின்னாலேயே போனாள். "டாக்டர், அது நானில்லை, திரேசாதான் செய்தது" என்று சொன்னாள். நான் என் காதால் கேட்டேன். ஆனால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டருக்குக் கேட்கவில்லை. செல்லம்மா சொல்லாமல் விட்டிருந்தால் அவள்மேல் கோபப்பட ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். அதையும் அவள் எனக்கு விட்டுவைக்கவில்லை.

அன்றிலிருந்து கமலத்தின் கட்டிலை விட்டு நான் நகரவில்லை. ஓய்வு நேரத்திலும் போய் உட்கார்ந்தேன். இரக்கத்தால் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. இன்னொரு அவசரம் வந்தால், அதைச் செய்தவள் நான் என்று டாக்டர் கண்ணால் பார்க்கவேண்டும். அதற்காகத்தான் இருந்தேன். வேடிக்கை என்னவென்றால், செல்லம்மாவும் தன் ஓய்வு நேரத்தில் வந்து மறுபக்கத்தில் உட்கார்ந்தாள். இவள் ஏன் வருகிறாள் என்று எனக்கு மேலும் எரிந்தது. ஆஸ்பத்திரியிலேயே ஒரு நிமிடமும் தனியாக விடப்படாத நோயாளி கமலம்தான்.

எட்டாம் மாதம் முடிந்து ஒன்பதாம் மாதம் தொடங்கிய பிறகு, ஒரு காலையில் வலி எடுத்தது. இனிப் பிறந்தாலும் பிள்ளை பிழைக்கும் என்று டாக்டர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. ஆனால் மத்தியானம் தாண்டியும் வாய் திறக்கவில்லை. இத்தனை மாதம் எதை மூடியிருக்கவேண்டும் என்று தவமிருந்தோமோ, அது இப்போது திறக்க மறுத்தது! தழும்பின் பக்கம் கம்பிபோல் விறைத்து நின்றது. மெலிந்த பக்கம் கிழிந்தால் இரத்தம் கட்டுக்கடங்காது. கத்தரிக்கோலைக் கொதிக்க வைத்துத் தட்டில் மூடி நான் பிடித்துக்கொண்டு நின்றேன். செல்லம்மா தலைமாட்டில் கமலத்தின் தோளைப் பிடித்திருந்தாள்.

டாக்டர் கண்ணை மூடினார். ஒவ்வொரு வலிக்கும் விரலை அந்தத் தழும்பின் விளிம்பில் வைத்து, அவசரமில்லாமல், பிசைவதுபோல் அழுத்தினார். வலி போனதும் காத்திருந்தார். மறுபடி வலி, மறுபடி அழுத்தம். வெளியே காகங்கள் கத்துவது கேட்டது. ஒரு கட்டத்தில் அவர் நெற்றிச் சுருக்கம் விரிந்தது. "விட்டுது" என்றார். கத்தரிக்கோல் தேவைப்படவில்லை. பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது.

பெண் குழந்தை. உள்ளங்கை அகலத்து முகம். பஞ்சில் பொதிந்து, சுடுதண்ணீர்ப் போத்தல்களை இரு பக்கமும் அணைத்தோம். அழுகை பூனைக்குட்டிச் சத்தம்தான், ஆனாலும் அழுகை. டாக்டர் நிமிர்ந்தார். நானும் செல்லம்மாவும் ஒரே நேரத்தில் அவர் வாயைப் பார்த்தோம். அவர் கமலத்தின் கன்னத்தைத் தட்டி, "குட்" என்றார்.

வீட்டுக்குப் போகும் நாளில் மாமியார் வார்டு முழுவதற்கும் கற்கண்டு கொடுத்தாள். அண்ணன் மகளின் பேச்சே இல்லை. "பேத்திக்குப் பேரு வச்சாச்சு. செல்லம்மா!" என்று அறிவித்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். நான் கற்கண்டை வாயில் போட்டேன், கசந்தது. முதுகு துடைத்தவள் நான், செங்கல் மாற்றியவள் நான். வயிறு எரிந்தது. அன்று குவார்ட்டர்ஸில் செல்லம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகும், கண்டி மார்க்கெட் பக்கம் கமலம் பிள்ளையை "செல்லம்மா, ஓடாத!" என்று கூப்பிடுவது கேட்டால் வேறு பக்கமாகப் போய்விடுவேன்.

சில வருடங்கள் கழித்துச் செல்லம்மாவுக்கு ஊரில் கல்யாணம் நிச்சயமானது. அந்தக் காலத்தில் கல்யாணமானால் எங்கள் உத்தியோகத்தை விடவேண்டும். அதற்கும் பொறாமைப்பட்டேன் என்று சொல்லவும் வேண்டுமா? அவள் டிரங்குப் பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் உதவி செய்யாமல் என் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அலுமாரியின் இடது பாதி காலியானதும் என் பக்கம் திரும்பினாள்.

"திரேசா, உமக்கு ஒண்டு சொல்லவேணும். கமலம் அந்தப் பிள்ளைக்கு உம்மட பேரைத்தான் வைக்க இருந்தவள். என்னட்டத்தான் முதல் சொன்னவள். மாமிக்காரி விடேல்லை. வேதக்காரற்ற பேர் எங்கட வீட்டுப் பிள்ளைக்கு வேண்டாம் எண்டிட்டா. பேந்துதான் என்ர பேரை வைச்சவை."

"இத்தன வருஷமா ஏன் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"ஏன் சொல்லவேணும்? எனக்கு எரிச்சல்."

"ஒனக்கா? எம்மேலயா?"

"ஓம். உம்மில இல்லாமல் வேறை ஆரில? நீர் செங்கல் மாத்தினனீர், டாக்டரம்மா எனக்குக் குட் சொன்னவா. அது எனக்குரியதில்லை எண்டு எனக்குத் தெரியும்தானே. பிறகு நீர் ஓய்வு நேரத்திலையும் போய்க் குந்தத் தொடங்கினீர். இன்னொருக்கால் நீர் ஏதும் செய்துபோடுவீரோ எண்டுதான் நானும் வந்து இருந்தனான். அந்தப் பிள்ளையை ஆர் கூப்பிட்டாலும் எனக்கு உம்மட பேர்தான் கேக்கும்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பிறகு நான் எழுந்து, டிரங்குப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து அழுத்த, அவள் பூட்டைப் போட்டாள். "வாறன்" என்றாள். மறுபடி வரவில்லை, பிள்ளைகுட்டி என்று ஆகிவிட்டது.

அவள் போன பிறகு வார்டில் எனக்கு வேலை ஓடவில்லை. டாக்டர் ஒரு நாள் என் முகத்தைப் பார்த்தே "குட், திரேசா" என்றார். திரும்பிப் பார்த்தேன். அதைக் கேட்டு எரிய அங்கே ஒருவரும் இல்லை.

அடுத்த மாதம் அறைக்கு ஒரு புதுப் பிள்ளை வந்தாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அலுமாரியைத் திறந்தாள். "இந்தப் பக்கம் காலியாத்தானே இருக்கு அக்கா, என் சாமானை வச்சிக்கவா?" என்று கேட்டாள்.

"என் பக்கத்தில வச்சிக்க. அங்க ஆள் இருக்கு" என்றேன்.